லாபம் 45 லட்சம், பேங்கில் ஏறியது 11 லட்சம்: மறைமுக முறையில் ரொக்க ஓட்டம் போடுவது எப்படி

மார்ச் கணக்கு முடித்து பேலன்ஸ் ஷீட்டை அச்செடுத்து முதலாளி கையில் கொடுத்ததும் ஒரு கேள்வி வரும். திருப்பூர் பக்கம் என்றால் அது இப்படி இருக்கும்: "ஏனுங்க, 45 லட்சம் லாபம்னு எழுதியிருக்கீங்க, அந்தக் காசு எங்கீங்க இருக்குது?"

நியாயமான கேள்விதான். வரி கட்டச் சொல்கிறோம், ஆனால் பேங்க் இருப்பு போன மார்ச்சைவிட 11 லட்சம்தான் கூடியிருக்கிறது, அதுவும் சிசி கடன் (கேஷ் கிரெடிட், வேண்டும்போது எடுத்துக் கட்டிக்கொள்ளும் பேங்க் கடன்) 22 லட்சம் ஏறிய பிறகு. இதற்கு உருப்படியான பதில் ரொக்க ஓட்ட அறிக்கையில்தான் கிடைக்கும், குறிப்பாக அதன் முதல் பகுதியான செயல்பாட்டு ரொக்க ஓட்டத்தில். வியாபாரம் நடத்தியதால் மட்டும் கைக்கு எவ்வளவு பணம் வந்தது என்பதே அந்தப் பகுதி. இயந்திரம் வாங்கியது முதலீட்டுப் பகுதிக்குப் போகும், கடன் வாங்கியதும் கட்டியதும் நிதிப் பகுதிக்குப் போகும்.

பி.காம் படித்து முடித்து ஆடிட்டர் ஆபீசில் சேர்ந்திருப்பவர்கள், கம்பெனியில் அக்கவுண்டன்ட் வேலைக்கு வந்து முதல் வருடத்தைக் கடப்பவர்கள், இவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். டெபிட் கிரெடிட் தெரியும், பேலன்ஸ் ஷீட் படிக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

அண்ணாச்சி கடைக் கணக்கு

இரண்டு முறைகள் இருக்கின்றன. பார்ட்டிகளிடமிருந்து வந்த பணம் இவ்வளவு, நூல்காரருக்குக் கொடுத்தது இவ்வளவு, சம்பளம் இவ்வளவு என்று பணத்தையே நேராக எண்ணுவது நேரடி முறை. லாபத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அதற்குள் பணமாக வராமலே புகுந்துவிட்டவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து வெளியே போடுவது மறைமுக முறை. இந்தியக் கணக்கியல் தரங்களான ஏஎஸ் 3, இந்த் ஏஎஸ் 7 இரண்டும் இரண்டு முறைகளையும் ஏற்கின்றன, ஆனால் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகள் ஆண்டறிக்கையில் மறைமுக முறையில்தான் போட வேண்டும் என்பது செபியின் விதி. மற்ற கம்பெனிகளும் பெரும்பாலும் அதையேதான் போடுகின்றன, ஏனென்றால் இரண்டு பேலன்ஸ் ஷீட்டும் ஒரு லாப நட்டக் கணக்கும் இருந்தால் வேலை முடிந்துவிடும்.

முறை எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு மளிகைக் கடையில் பாருங்கள். அண்ணாச்சி 100 ரூபாய் ரொக்கம் கொடுத்துச் சரக்கு எடுக்கிறார், அதை 130 ரூபாய்க்குக் கடனாகக் கொடுத்து நோட்டில் எழுதிக்கொள்கிறார். லாபம் 30. கல்லாவில் என்ன ஆனது? 100 ரூபாய் குறைந்திருக்கிறது. மறைமுக முறையில் போட்டால்: லாபம் 30, வர வேண்டிய பாக்கி 130 ஏறியது, அதைக் கழி, விடை மைனஸ் 100. சரியாக வந்துவிட்டது. இப்போது சரக்கையும் அவர் கடனுக்கே எடுத்திருந்தால்? லாபம் 30, கழி 130, கொடுக்க வேண்டிய பாக்கி 100 ஏறியதைக் கூட்டு, விடை பூஜ்யம். கல்லாவை யாரும் தொடவே இல்லை என்பதால் பூஜ்யம்தான் வர வேண்டும்.

முறை முழுவதும் இவ்வளவுதான். கம்பெனிக் கணக்கில் வரிகள் (டாக்ஸ் இல்லை, லைன்கள்) அதிகம், அதனால் மிரட்சியாக இருக்கிறது.

யாருக்குக் கட்டாயம்

2013 கம்பெனிச் சட்டப்படி நிதிநிலை அறிக்கை என்றாலே ரொக்க ஓட்ட அறிக்கையும் அதற்குள் அடக்கம். ஒருநபர் கம்பெனி, சட்டத்தின் வரையறையில் வரும் சிறிய கம்பெனி, இயங்காத கம்பெனி ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. விலக்கு இருக்கிறதே என்று போடாமல் விடுகிறவர்கள் நிறைய. என் கருத்து, சின்னக் கம்பெனிக்குத்தான் இது அதிகம் தேவை. பெரிய கம்பெனியில் பணம் இறுக்கமானால் சமாளிக்க நாலு வழி இருக்கும், பனியன் கம்பெனியில் சனிக்கிழமை சம்பளம் போட முடியாமல் போகும்.

மேசைமேல் எடுத்து வைக்க வேண்டியவை

இந்த வருட பேலன்ஸ் ஷீட், போன வருட பேலன்ஸ் ஷீட், இந்த வருட லாப நட்டக் கணக்கு, சொத்துகளின் அட்டவணை (எது வாங்கியது, எது விற்றது என்று), வரி கட்டிய சலான்கள். டேலியில் கேஷ் ஃப்ளோ என்று ஒரு ரிப்போர்ட் வரும், அதை அச்செடுத்துக் கொடுத்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது கேஷ், பேங்க் லெட்ஜர்களில் உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் குரூப் வாரியாகக் காட்டுவது. நீங்கள் முடித்ததும் ஒத்துப்பார்க்க உதவும், ஆனால் ஏஎஸ் 3 கேட்பது அது இல்லை.

நாம் எடுத்துக்கொள்ளப் போவது ஒரு கற்பனைக் கம்பெனி, திருப்பூரில் டி-ஷர்ட் தைக்கும் பிரைவேட் லிமிடெட். எண்கள் எல்லாம் லட்சத்தில். முதல் எண் 31-3-2024, இரண்டாவது 31-3-2025.

இயந்திரங்கள், வாங்கிய விலையில்: 200, 236
அதில் சேர்ந்த தேய்மானம்: 60, 70
பேங்கில் ஈடாக வைத்த மார்ஜின் டெபாசிட்: 15, 15
சரக்கிருப்பு: 80, 104
வர வேண்டிய பாக்கி (டெப்டர்ஸ்): 120, 165
வாராக்கடனுக்கு ஒதுக்கியது: 4, 6
முன்கூட்டிக் கட்டிய இன்சூரன்ஸ்: 3, 2
ஜிஎஸ்டி உள்ளீட்டு வரி வரவு: 12, 17
ரொக்கமும் பேங்க் இருப்பும்: 10, 21

பங்கு மூலதனம்: 100, 100
சேர்ந்த லாபம்: 65, 110
டெர்ம் லோன்: 90, 105
சிசி கடன்: 40, 62
கொடுக்க வேண்டிய பாக்கி (கிரெடிட்டர்ஸ்): 70, 92
கொடுபட வேண்டிய கூலி, செலவுகள்: 7, 9
வருமான வரி, முன்பணம் போக நிகரமாகக் கட்ட வேண்டியது: 4, 6

கூட்டிப் பாருங்கள், போன வருடம் இரண்டு பக்கமும் 376, இந்த வருடம் 484. (தேய்மானத்தையும் வாராக்கடன் ஒதுக்கீட்டையும் சொத்துப் பக்கம் கழித்துக்கொள்ள வேண்டும்.) இதைச் சும்மா சொல்லவில்லை. தொடங்கும் முன்பே பேலன்ஸ் ஷீட் ஒத்துப் போகிறதா என்று பார்க்காமல் இறங்கி, ராத்திரி பத்து மணிக்கு இல்லாத தவறைத் தேடியவர்களில் நானும் ஒருவன்.

லாப நட்டக் கணக்கிலிருந்து நமக்கு வேண்டியவை: வரிக்கு முந்தைய லாபம் 60, வருமான வரி 15, வரிக்குப் பிறகு 45. செலவுப் பக்கம் தேய்மானம் 18, கடன் வட்டி 14 (முழுவதும் கட்டியாகிவிட்டது), வாராக்கடன் ஒதுக்கீடு 2. வருமானப் பக்கம் பழைய நிட்டிங் இயந்திரம் விற்றதில் லாபம் 3, டெபாசிட் வட்டி 1, அது கைக்கு வந்துவிட்டது. விற்ற இயந்திரத்தின் அசல் விலை 14, அதுவரை போட்ட தேய்மானம் 8, ஆக புத்தக மதிப்பு 6, விற்ற விலை 9.

முதல் படி: வரிக்கு முந்தைய லாபத்தில் தொடங்குங்கள்

45-இல் தொடங்குவதா, 60-இல் தொடங்குவதா? இரண்டும் செல்லும். 45-இல் தொடங்கினால் வரி 15-ஐத் திரும்பக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். உண்மையில் கட்டிய வரியைக் கடைசியில் தனி லைனாகக் கழித்துக் காட்ட வேண்டும் என்பதால் நம் ஊர்ப் பழக்கத்தில் நேராக 60-இல் தொடங்கிவிடுகிறார்கள். இதில் இன்னொரு வசதி, டெஃபர்டு டாக்ஸ் (பின்னால் கூடவோ குறையவோ போகும் வரிக்கு இப்போதே எழுதி வைப்பது) என்று ஒன்று கணக்கில் இருந்தால் அது வரிக்கு முந்தைய லாபத்துக்குக் கீழே வருவது, நம் கண்ணிலேயே படாது.

இரண்டாம் படி: பணம் நகராத வரிகளைத் திருப்பிப் போடுங்கள்

தேய்மானம் 18. லாபத்தைக் குறைத்துவிட்டது, ஆனால் யாருக்கும் செக் எழுதவில்லை. இயந்திரம் வாங்கிய அன்றே பணம் போய்விட்டது. ஆகவே கூட்டுங்கள். இங்கே பலர் சொல்லும் ஒரு தப்பான பேச்சு, "தேய்மானம் பணத்தைக் கொண்டு வருகிறது" என்பது. அது எதையும் கொண்டு வரவில்லை, கழித்ததைத் திரும்பக் கூட்டுகிறோம், அவ்வளவே. தேய்மானத்தை இரட்டிப்பாக்கினால் லாபம் அதே அளவு குறையும், விடை மாறாது.

வாராக்கடன் ஒதுக்கீடு 2. இதுவும் காகிதத்தில் எழுதிய செலவு. கூட்டுங்கள்.

இயந்திரம் விற்ற லாபம் 3. இதைக் கழிக்க வேண்டும். புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது, "பணம் வந்ததே, எதற்குக் கழிக்கிறோம்" என்பார்கள். வந்தது 3 இல்லை, 9. அந்த 9 முழுவதும் முதலீட்டுப் பகுதியில் இயந்திரம் விற்றது என்று காட்டப் போகிறோம். 3-ஐ இங்கேயும் விட்டுவைத்தால் ஒரே பணத்தின் ஒரு பகுதி இரண்டு முறை எண்ணப்படும்.

கடன் வட்டி 14-ஐக் கூட்டுங்கள், டெபாசிட் வட்டி 1-ஐக் கழியுங்கள். பணம் நிஜமாகவே போனதும் வந்ததும்தான், ஆனால் அவற்றின் வீடு வேறு. கட்டிய வட்டி நிதிப் பகுதிக்கு, வந்த வட்டி முதலீட்டுப் பகுதிக்கு. பேங்க், நிதி நிறுவனம் என்றால் விஷயம் வேறு, அவர்களுக்கு வட்டிதான் வியாபாரமே.

இப்போது: 60 + 18 + 2 − 3 + 14 − 1 = 90.

ஒர்க்கிங் கேபிடல் (சரக்கு, பாக்கி என்று அன்றாட வியாபாரத்தில் சுழலும் பணம்) மாற்றங்களுக்கு முந்தைய செயல்பாட்டு லாபம் என்று இந்த 90-க்குப் பெயர். பாக்கி எல்லாம் அன்றன்றைக்கே வசூலாகி, சரக்கு கூடாமல் குறையாமல் இருந்திருந்தால் வியாபாரம் இவ்வளவு பணம் தந்திருக்கும்.

மூன்றாம் படி: பாக்கியும் சரக்கும்

பணம் காணாமல் போன இடம் இங்கேதான், நிதானமாகப் போவோம்.

குறியை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒவ்வொரு வரியிலும் ஒரே கேள்வி கேளுங்கள்: இதனால் என் பணம் மாட்டிக்கொண்டதா, அல்லது அடுத்தவர் பணம் என் கையில் தங்கியதா? மாட்டிக்கொண்டால் கழி. தங்கினால் கூட்டு.

சரக்கிருப்பு 80-இலிருந்து 104. நூலாக, துணியாக, தைத்து முடித்த பீஸாக 24 லட்சம் கூடுதலாகக் குடோனில் கிடக்கிறது. கழி 24.

வர வேண்டிய பாக்கி 120-இலிருந்து 165. பில் போட்ட அன்றே விற்பனை என்று லாபத்தில் ஏறிவிட்டது, பார்ட்டியோ 90 நாள், 120 நாள் என்று இழுக்கிறார். கழி 45. இங்கே ஒரு பொறி இருக்கிறது. பேலன்ஸ் ஷீட்டின் முகப்பில் ஒதுக்கீட்டைக் கழித்து நிகரமாகப் போட்டிருப்பார்கள்: 116, 159. வித்தியாசம் 43. இந்த 43-ஐ எடுத்தால் இரண்டாம் படியில் ஒதுக்கீடு 2-ஐக் கூட்டக் கூடாது, 45-ஐ எடுத்தால் கூட்ட வேண்டும். இரண்டில் எந்த வழியில் போனாலும் விடை ஒன்றே. 2-ஐயும் கூட்டி 43-ஐக் கழித்தீர்கள் என்றால் கணக்கு 2 லட்சம் உதைக்கும்.

ஏற்றுமதி செய்பவர் என்றால் டாலரில் வர வேண்டிய பாக்கியை மார்ச் 31 விலையில் திருப்பி மதிப்பிட்டதில் வந்த லாபமோ நட்டமோ இருக்கும். பணமாகாத அந்தத் தொகையை இரண்டாம் படியில் தனியாகக் காட்டினால், அதே தொகையை இங்கே பாக்கி மாற்றத்திலிருந்தும் எடுத்துவிடுங்கள். மொத்தம் மாறாது, படிப்பவருக்குத் தெளிவாக இருக்கும்.

இன்சூரன்ஸ் 3-இலிருந்து 2. கூட்டு 1.

ஜிஎஸ்டி உள்ளீட்டு வரவு 12-இலிருந்து 17. நூலும் டையிங்கும் வாங்கும்போது கட்டிய வரி, இன்னும் கழித்துக்கொள்ளாமலோ ரீஃபண்ட் வராமலோ நிற்கிறது. கழி 5. இந்த வரியைச் சிலர் வருமான வரியோடு சேர்த்து வரி என்ற தலைப்பில் தள்ளிவிடுகிறார்கள். கடைசியில் தனியாகக் காட்டுவது வருமானத்தின் மீதான வரியை மட்டும், ஜிஎஸ்டி ஒர்க்கிங் கேபிடலோடுதான் இருக்க வேண்டும்.

கொடுக்க வேண்டிய பாக்கி 70-இலிருந்து 92. நூல்காரருக்கும் டையிங் காரருக்கும் கொடுக்காமல் 22 லட்சம் நம் கையில் தங்கியிருக்கிறது. கூட்டு 22. கேட்க இனிப்பாக இருந்தாலும் இது அடுத்தவர் பணம். அதோடு அவர்கள் பதிவு செய்த குறு, சிறு உற்பத்தியாளர்கள் என்றால், எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள், இருந்தால் அதிகபட்சம் 45 நாள் என்ற கெடுவைத் தாண்டி நிற்கும் பாக்கியை, 2023-24 நிதியாண்டு தொடங்கி, பணம் கொடுக்கும் வருடத்தில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடிகிறது. பாக்கி வைத்துப் பணத்தைப் பிடித்தால் ஒரு பகுதி வரியாகப் போகிறது என்று அர்த்தம்.

கொடுபட வேண்டிய கூலி 7-இலிருந்து 9. கூட்டு 2.

சிசி கடன் 22 ஏறியிருக்கிறதே, அது பொறுப்புப் பக்கம்தானே, இங்கே கூட்டலாமா? கூடாது. அது கடன், நிதிப் பகுதி. பேலன்ஸ் ஷீட்டில் நடப்புப் பொறுப்பு என்ற தலைப்பின் கீழ் அச்சாகியிருப்பதால் மொத்தமாக வாரிப் போட்டுவிடுகிறார்கள், அப்படிப் போட்டால் பேங்க் கொடுத்த கடன் எல்லாம் வியாபாரத்தில் சம்பாதித்த பணமாகத் தெரியும், அதைவிட ஆபத்தான அறிக்கை வேறு இல்லை. (கேட்டவுடன் கட்ட வேண்டிய ஓவர்டிராஃப்ட் (ஓடி), அன்றாடப் பண நிர்வாகத்தில் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தால், இந்த் ஏஎஸ் 7-இன்படி அதை ரொக்கத்தோடே சேர்த்துப் பார்க்க இடமுண்டு. எப்படிப் பார்த்தாலும் அது ஒர்க்கிங் கேபிடல் மாற்றமாக வராது.) அதேபோல வருமான வரி பாக்கியையும் இங்கே தொடாதீர்கள், அடுத்த படியில் வருகிறது.

மொத்தம்: −24 − 45 + 1 − 5 + 22 + 2 = −49.

90-இலிருந்து 49 போக 41. செயல்பாடுகளிலிருந்து உண்டான ரொக்கம் என்று இதற்குப் பெயர்.

நான்காம் படி: கட்டிய வரி

லாப நட்டக் கணக்கில் உள்ள 15 இந்த வருடத்துக்கான வரி, கட்டியது வேறு. தொடக்கத்தில் கட்ட வேண்டியிருந்தது 4, அதோடு இந்த வருடத்து 15, ஆக 19. கடைசியில் 6 இன்னும் நிற்கிறது. எனவே கட்டியது 13. முன்கூட்டி வரிச் சலான்கள், பார்ட்டிகள் பிடித்த டிடிஎஸ் எல்லாம் சேர்த்து இந்த 13 வருகிறதா என்று ஒருமுறை ஒத்துப்பாருங்கள், வராவிட்டால் வரி லெட்ஜரில் ஏதோ தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. டெஃபர்டு டாக்ஸை இந்தக் கணக்குக்குள் விடாதீர்கள்.

41 − 13 = 28.

செயல்பாட்டு ரொக்க ஓட்டம் 28 லட்சம்.

முடிந்ததா என்றால், இன்னும் இல்லை

28 சரிதானா என்று எப்படித் தெரியும்? மற்ற இரண்டு பகுதிகளையும் போட்டு ரொக்க இருப்போடு ஒத்துப்பார்த்தால்தான் தெரியும். சுருக்கமாகப் போட்டுவிடுவோம்.

இயந்திரம் வாங்கியது எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை, கண்டுபிடிக்க வேண்டும். தொடக்கம் 200, விற்றது 14, முடிவு 236, ஆக வாங்கியது 50. தேய்மானத்தையும் சரிபாருங்கள்: 60 + 18 − 8 = 70, ஒத்துப் போகிறது. முதலீட்டுப் பகுதி: −50 + 9 + 1 = −40.

டெர்ம் லோனில் புதிதாக வாங்கியது 40, கட்டிய தவணை 25. நிகரமாக 15 என்று போடாமல் இரண்டையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். சிசி கூடியது 22. வட்டி கட்டியது 14. நிதிப் பகுதி: 40 − 25 + 22 − 14 = 23.

28 − 40 + 23 = 11. ரொக்கம் 10-இலிருந்து 21. ஒத்துவிட்டது.

ஒத்துப் போகாவிட்டால் என்ன செய்வது? நான் ஆபீசில் சேர்ந்த புதிதில் போட்ட முதல் அறிக்கையில் சொத்து விற்ற லாபத்தைக் கழிப்பதற்குப் பதில் கூட்டிவிட்டேன். இரண்டு நாள் தேடினேன். சீனியர் எட்டிப் பார்த்து, "வித்தியாசம் எவ்வளவுப்பா?" என்றார். சொன்னேன். "அதில் பாதி தொகை எந்த வரியில் இருக்குன்னு பாரு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். குறி மாறிப் போட்டால் தவறு எப்போதும் இரட்டிப்பாகத்தான் தெரியும்: 3-ஐ மாற்றிப் போட்டால் 6 உதைக்கும். முதலில் வித்தியாசத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். அதில் சிக்காவிட்டால் 9-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதியில்லாமல் வகுபட்டால் இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு, 54-ஐ 45 என்று எழுதுவது மாதிரி. அதுவும் இல்லையென்றால் பேலன்ஸ் ஷீட்டை எடுத்து, ரொக்கம் தவிர்த்த ஒவ்வொரு வரியின் மாற்றத்துக்கும் பக்கத்தில் அது அறிக்கையில் எங்கே போனது என்று பென்சிலால் எழுதுங்கள். விடுபட்ட வரி தானாக மேலே வரும். நான் இப்போதெல்லாம் தொடங்கும்போதே இப்படித்தான் செய்கிறேன்.

முதலாளிக்குச் சொல்ல வேண்டியது

இப்போது அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. வியாபாரம் 90 லட்சம் உண்டாக்கியது. அதில் 45 லட்சம் பார்ட்டிகளிடமும் 24 லட்சம் குடோனிலும் நிற்கிறது, நூல்காரர்கள் பொறுத்துக்கொண்டதால்தான் அடி இதோடு நின்றது. 13 வரிக்குப் போனது. மிஞ்சிய 28-ஐ வைத்துக்கொண்டு 50 லட்சத்துக்கு இயந்திரம் வாங்கி 14 லட்சம் வட்டியும் கட்டியிருக்கிறோம், பற்றாததற்குத்தான் டெர்ம் லோனும் சிசியும். இப்படிச் சொன்னால் அவர் அடுத்துக் கேட்பது "எந்தப் பார்ட்டி எத்தனை நாளா நிக்குது?" என்பதாக இருக்கும். பாக்கிப் பட்டியலை 30, 60, 90 நாள் என்று பிரித்துக் கையில் வைத்துக்கொண்டே போங்கள்.

இணையத்தில் பார்த்தால் வேறு விடை வருகிறதே

வரும். அமெரிக்கப் பாடங்கள் வரிக்குப் பிந்தைய லாபத்தில் தொடங்கும், வட்டியைத் தொடாது, வரி பாக்கியின் மாற்றத்தை ஒர்க்கிங் கேபிடலோடே சேர்த்துவிடும், ஏனென்றால் அங்கே கட்டிய வட்டியும் வந்த வட்டியும் செயல்பாட்டுப் பகுதியிலேயே இருக்க வேண்டும். நம் கம்பெனியை அப்படிப் போட்டால் 45 + 18 + 2 − 3 − 49 + 2 = 15. நம் 28-இலிருந்து வட்டி 14-ஐக் கழித்து 1-ஐக் கூட்டினாலும் அதே 15. இரண்டும் சரி, பெட்டிகள்தான் வேறு. சர்வதேசத் தரத்திலும் ஐஎஃப்ஆர்எஸ் 18 என்ற புதிய தரம் 2027 ஜனவரி 1 முதல் தொடங்கும் ஆண்டுகளுக்கு வருகிறது, அதன்படி இந்த முறையில் செயல்பாட்டு லாபம் என்ற வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். எந்தக் காணொளியைப் பார்த்தாலும் எந்த நாட்டுத் தரத்தின்படி சொல்கிறார்கள் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்களே ஒருமுறை போட்டுப் பார்க்க

கொடுக்க வேண்டிய பாக்கி 92 என்று பார்த்தோமே, அதில் 5 லட்சம் புதிய இயந்திரம் விற்றவருக்குத் தர வேண்டியது என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எதுவும் மாறவில்லை. விடை என்ன ஆகும்?

வியாபாரப் பாக்கியின் ஏற்றம் 22 இல்லை, 17. செயல்பாட்டு ரொக்க ஓட்டம் 23 ஆகிவிடும். இயந்திரத்துக்கு இந்த வருடம் கொடுத்த பணமும் 50 இல்லை, 45, முதலீட்டுப் பகுதி −35. கடைசியில் 23 − 35 + 23, அதே 11 வந்துவிடும். அதனால் ரொக்க இருப்போடு ஒத்துப்பார்ப்பது இந்தத் தவறைக் காட்டிக்கொடுக்காது, கிரெடிட்டர்ஸ் லெட்ஜரைத் திறந்து யார் யாருக்கு எதற்காகத் தர வேண்டும் என்று பெயர் பெயராகப் படித்தால்தான் பிடிபடும்.